காதுக்குப் பொருந்தும் டேப்லெட் தேடி

காலை ஏழு ஐம்பதுக்குப் புளியங்குடியில் தென்காசி வண்டி ஏறினேன். ஆடி மாதம், குற்றாலத்தில் சீசன். ஆனால் நான் குளிக்கப் புறப்படவில்லை. ஒரு டேப்லெட் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் புறப்பட்டேன். தூரம் முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு கூடக் குறைய, கட்டணம் முப்பத்தைந்து ரூபாய். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். இவ்வளவு ஒழுங்கான விலை இந்தக் காலத்தில் வேறெதற்கும் இல்லை.

எனக்கு எழுபத்தாறு வயது. எலுமிச்சை மண்டியில் கணக்கு எழுதி ஓய்ந்தவன். இரண்டு காதிலும் கருவி வைத்திருக்கிறேன். அந்தக் கருவியில் பொத்தான் கிடையாது. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் ஆப் வேண்டும். அந்த ஆப் இருப்பது புனேயில் வேலை பார்க்கும் என் மகன் முத்துக்குமாரின் போனில். என்னிடம் உள்ளது பொத்தான் போன்.

பொங்கலுக்கு வந்தவன் எல்லாம் சரிசெய்து வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு என் காது இன்னும் மந்தமாகிவிட்டது. எதிரே நின்று பேசுகிறவர் குரல் கேட்கும். பக்கத்திலும் பின்னாலும் உலகமே இல்லை. போன மாதம் மண்டித் தெருவில் பின்னால் வந்த ஒரு லாரி என் முழங்கையை உரசிக்கொண்டு நின்றது. டிரைவர் நான்கு முறை ஹாரன் அடித்தாராம். எனக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை.

செய்தி அன்றே புனேக்குப் போய்விட்டது.

"இனி அங்கன தனியா இருக்க வேண்டாம்ப்பா. இங்க வந்திருங்க. காத நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.

"ஒரு டேப்லெட் வாங்கி அதுல ஆப்பப் போட்டா நானே பாத்துக்கிட மாட்டேனா?"

"டேப்லெட்ல அது ஓடாது. போன்லதான் ஓடும்."

"ஏம்லே ஓடாது? போன விட அது பெருசுதானலே?"

"பெருசா இருந்தா எல்லாம் ஓடிருமாக்கும்! தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள உங்களால சமாளிக்க முடியலன்னா டிக்கெட் போட்டிருவேன்."

பார்சலுக்குச் சீட்டு ஒட்டுகிற மாதிரிச் சொன்னான். போன் வாங்கலாம்தான். ஆனால் அதன் எழுத்து எனக்கு எறும்பு ஊர்வதுபோலத் தெரியும். டேப்லெட்தான் வேண்டும், அதில் அந்த ஆப் ஓடியே தீர வேண்டும் என்று அன்று இரவே தீர்மானித்தேன்.

கடையநல்லூர் தாண்டியதும் யாரோ தோளைத் தட்டினார்கள். திரும்பினால் நடத்துநர்.

"மூணு தடவ கேட்டாச்சு, பெரியவரே. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீரு?"

"கொழுக்கட்ட வாயில இல்லய்யா, காதுல இருக்கு. முன்னால வந்து கேளும்" என்றேன். முன் இருக்கைக்காரர் சிரித்தார். நடத்துநரும் சிரித்துவிட்டுச் சீட்டைக் கிழித்தார்.

தென்காசியில் இறங்கும்போது ஒன்பது மணி. காசி விசுவநாதர் கோபுர வாசலில் அடிக்கும் காற்றுக்கு வேட்டியைப் பிடித்துக்கொண்டு, ரத வீதியிலிருந்து பிரியும் தெருவுக்குப் போனேன். அங்கே போன் கடைகள் மட்டும் பதினொன்று. ஆறாவது கடையில் கல்லாவிலிருந்தவர் எழுந்து நின்று வரவேற்றார். அதனால் அங்கே நுழைந்தேன்.

பதினோரு அங்குலத் திரை. பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய். அந்த ஒற்றை ரூபாயை ஏன் மிச்சம் வைக்கிறார்கள் என்று கேட்டேன். கடைக்காரருக்கும் தெரியவில்லை. கருவியின் பெயரையும் ஆப்பின் பெயரையும் சொல்லி, "ஓடுமா?" என்றேன்.

"எல்லா ஆப்பும் ஓடும் அண்ணாச்சி. பறக்கும்."

"பறக்க வேண்டாம். இப்பப் போட்டுக் காட்டுங்க, ஓடினா ரூவாயக் குடுத்து எடுத்துக்கிடுதேன்."

"அது முடியாதுல்லா. சீல உடைச்சா பழைய பொருளாயிரும். பில்லப் போட்ட பொறவுதான் பெட்டியத் தொறக்கணும்."

"தொறந்த பொறவு ஓடலேன்னா?"

"ஓடும்னுதான சொல்லுதேன்."

"அப்படின்னா பில்லுல எழுதிக் குடுங்க."

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. காதுதான் மந்தம், கண் இல்லை.

"அண்ணாச்சி, நான் புளியங்குடி மண்டிக்காரன்" என்றேன். "எங்க ஊருல எலுமிச்சம்பழ மூடைய அவுத்துத் தரையில கொட்டுன பொறவுதான் ஏலம். வாயத் தச்சு மூட்டின மூடைக்கு எவனும் வெல சொல்ல மாட்டான். நூத்துக்கு நாலு அழுகல் இருந்தாலும் அங்கனயே தெரிஞ்சு போகும். நீங்க மூட்டின மூடைய விக்கீங்க."

"இது எலுமிச்சம்பழமா அண்ணாச்சி?"

"இல்ல. பழம்னா அழுகினத வீசிட்டு மிச்சத்தப் பிழிஞ்சுக்கிடலாம்."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மற்ற கடைகளில் நான்கில் கேட்டேன். நான்கிலும் அதே சீல், அதே 'பறக்கும்'. ஒன்றையும் வாங்காமல் ஊர் திரும்ப மனமில்லை. மகன் அன்று இரவே "நான் சொன்னேன்ல" என்பான். அருவிக்காவது போவோம் என்று ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஆறு கிலோமீட்டருக்குள்தான், தலைக்கு இருபது ரூபாய். என்னோடு சேர்த்து ஒன்பது தலை.

சாரல் ஊசிபோல இறங்கிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் மங்குஸ்தான் குவியல், நேந்திரங்காய் வறுக்கும் எண்ணெய் வாசம். பேரருவியின் முன்னால் போய் நின்றேன். பாறை தெரியாமல் வெள்ளையாகத் தண்ணீர் கொட்டியது. ஆனால் என் காதில் விழுந்தது, அடைக்க மறந்த குழாய்ச் சத்தம்.

கருவியை அழுத்திப் பார்த்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தேன். அதே குழாய்தான். அன்றைய நாளில் அங்கேதான் முதன்முதலாகப் பயந்தேன். பேரருவியே கேட்காத காதுக்கு எந்த ஆப் வந்து என்ன செய்யும்? லாரி உரசியபோதுகூடப் புனே எனக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. எதிரே இருந்த திட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

துண்டில்லாமல், உலர்ந்த வேட்டியோடு அருவிக்கரையில் உட்கார்ந்திருக்கும் கிழவன் குற்றாலத்தில் பொதுப் பெட்டகம். பெயர், ஊர் கேட்காமல் பொருளைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பக்கம் என்பதால் குடும்பமாக வருகிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

முதலில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். முப்பத்தைந்து, நாற்பது வயதிருக்கும். "ஐயா, கொஞ்சம் பாத்துக்கிடுங்க. இந்தா வந்திருதோம்" என்று அந்தப் பெண் ஒரு பையை என் மடியில் வைத்தாள். அதைப் பார்த்து அடுத்தவர் வந்தார். கால் மணி நேரத்தில் என்னிடம் ஏழு போன், இரண்டு கைக்கடிகாரம், ஒரு கார் சாவி, துணியில் சுற்றிய ஒரு பல்செட். இரண்டு தடவை எண்ணினேன். முதல் பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே ஒரு டேப்லெட். காலையில் பார்த்த அதே கம்பெனி, அதே மாடல், சீல் இல்லாதது.

நான் அதைத் தொடவில்லை. ஆனால் அவர்கள் வருகிற திசையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

இருவரும் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தார்கள். கடையநல்லூர்க்காரர்கள். அவர் பெயர் சாகுல், துபாயிலிருந்து விடுப்பில் வந்திருக்கிறார். அவள் மும்தாஜ். என் வழக்கை முழுவதும் சொல்லி, "உங்க டேப்லெட்ல ஒரே ஒரு தடவ அந்த ஆப்பப் போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"இதுக்கா இவ்வளவு தயங்குதீங்க? எம்புட்டு உருப்படியக் காவல் காத்திருக்கீங்க!" என்றாள் மும்தாஜ்.

மற்றவர்களும் வந்து தங்கள் பொருளை வாங்கிக்கொண்ட பிறகு, சத்தம் குறைந்த கடைப் பக்கமாக ஒதுங்கினோம். சாகுல் ஆப்பைத் தேடினார். பெயர் வந்தது. அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி. பெரிய திரையாகையால் கண்ணாடி போடாமலே படித்தேன்: 'உங்கள் சாதனம் இந்த ஆப்புடன் பொருந்தாது.'

மகன் சொன்னதுதான் சரி. ஆனாலும் அதை அந்தத் திரைக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

"இது துபாய்ல வாங்கினதா? இங்கன உள்ளது ஓடுமோ என்னமோ."

"ரெண்டும் ஒண்ணுதான் ஐயா" என்றார் சாகுல்.

"விடுங்க, ஒங்க போன்ல போட்டுப் பாருங்க" என்று மும்தாஜ் கணவனின் கையிலிருந்த போனைக் காட்டினாள்.

போனில் அது ஒரு நிமிடத்தில் இறங்கியது. கருவிகளைக் கழற்றி அவற்றின் சார்ஜ் பெட்டியில் வைத்து மறுபடி எடுக்கச் சொன்னது. பெட்டி என் பையில் இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டேன். சாகுல் திரையைப் பார்த்தபடி, "முத்துக்குமார்னா யாரு?" என்றார்.

"எம் மகன். ஏன்?"

"ஒங்க காது அவரு போனோட சேந்திருக்குன்னு காட்டுது. கீழ 'உணவகம்'னு டிக் போட்டிருக்கு."

"உணவகமா?"

"ஓட்டல்ல சாப்பிடும்போது வைக்கதுல்லா அது" என்றாள் மும்தாஜ், திரையில் இருந்த விளக்கத்தைப் படித்துவிட்டு. "எதுத்தாப்புல உள்ளவுக பேச்சு மட்டும் கேக்கும். சுத்தி உள்ள இரைச்சல அமத்திரும். பொங்கலுக்கு எங்கயும் ஓட்டலுக்குப் போனீகளா?"

போனோம். அவன் ஊருக்குக் கிளம்பும் முந்தைய நாள் தென்காசியில் சாப்பிட்டோம். நான் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தேன், அவன் போனில் ஏதோ தட்டினான். "இப்ப நல்லாக் கேக்குதாப்பா?" என்றான். நன்றாகத்தான் கேட்டது. மறுநாள் ரயிலேறிவிட்டான். ஆறு மாதமாக நான் அந்த ஓட்டல் மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். லாரி ஹாரனும் நடத்துநர் குரலும் என் காதுக்குப் பக்கத்து மேசை இரைச்சல்.

"மாத்தட்டுமா ஐயா?" என்று சாகுல் கேட்டார். தலையாட்டினேன். 'பொது' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

முதுகுக்குப் பின்னாலிருந்து அருவி வந்தது. மலை நகர்ந்து வந்தாற்போல வந்தது. நான் ஓரடி தள்ளி நின்றுவிட்டேன். போலீஸ் விசில், மங்குஸ்தான்காரியின் கூவல், எங்கேயோ பஸ் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம், எல்லாம் அதனதன் திசையிலிருந்து வந்தன. என் காது போகவே இல்லை. போகாத காதுக்காகப் புனேயில் எனக்கு அறை ஒழித்துக்கொண்டிருந்தார்கள்.

மும்தாஜ் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு தன் போனை நீட்டி, "எழுத்துச் சின்னதுன்னுதான டேப்லெட் கேட்டீக? இங்கன பாருங்க, எங்க மாமியாவுக்கு வச்சுக் குடுத்த அளவு" என்றாள். பஸ் போர்டு எழுத்து. அவர்கள் இருவர் போனும் ஒரே மாடல். மாடலைக் காலைப் பஸ் சீட்டின் பின்புறம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

சாகுல் ஆப்பை என் கண் முன்னாலேயே அழித்தார். "இல்லன்னா ஒங்க காது எங்கூட துபாய்க்கு வந்திரும்" என்றார். கேட்காமலே செய்தார் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

தனியாக அருவியில் குளிக்கக் கூடாது என்பது மகன் போட்ட சட்டங்களில் ஒன்று. அங்கேயே ஒரு துண்டு வாங்கினேன், நூறு ரூபாய், அநியாயம். கருவிகளைக் கழற்றிப் பையோடு மும்தாஜிடம் கொடுத்து, "இப்ப நீங்க பாத்துக்கிடுங்கம்மா" என்றேன். அரை நாள் அலைந்து கேட்கவைத்த காதை அவளிடம் விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் நுழைந்தேன். முதுகில் சம்மட்டி அடித்தது. பக்கத்தில் நின்ற இளவட்டங்கள் வாயைத் திறந்து கத்தினார்கள். ஒருவர் கத்துவது மற்றவருக்குக் கேட்கவில்லை. பேரருவிக்கு அடியில் எல்லோருக்கும் என் காதுதான்.

மாலை நான்கரைக்குக் காலையில் சண்டை போட்ட அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் டேப்லெட் பெட்டியைத் தானாகவே எடுத்து வைத்தார்.

"அது வேண்டாம். அதுல என் ஆப் ஓடாது. பாத்தாச்சு" என்று பஸ் சீட்டைத் திருப்பிக் காட்டினேன். "இந்த மாடல் போன் குடுங்க."

"இத மட்டும் தொறந்து பாக்க வேண்டாமாக்கும்?"

"இத அருவிக்கரையில தரையில கொட்டிப் பாத்துட்டேன். சீலோடயே குடுங்க."

பதினான்காயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. அந்த ஒரு ரூபாய்ச் சில்லறையைக் கேட்டு வாங்கினேன். பில் போட்ட பிறகு, மரியாதையாக, அவரே சிம்மை மாற்றி ஆப்பையும் ஏற்றித் தந்தார்.

திரும்பும் வண்டியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன் படியில் நின்று நடத்துநர் "புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி" என்று கூவியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. எனக்குப் பின்னால் இருக்கை இல்லை, ஆனால் டயர் ஓடும் சத்தம் இருந்தது. தீபாவளி வரைக்கும் இல்லை, இந்த வழியில் என் காலம் வரைக்கும் இந்தச் சத்தத்தோடு வந்து போவேன்.

இடைகால் ஊரைத் தாண்டும்போது முத்துக்குமார் கூப்பிட்டான்.

"என்னப்பா, டேப்லெட்ல ஓடலல்ல? நான் சொன்னேன்ல?"

"ஓடல. நீ சொன்னது சரிதான்."

"அப்ப டிக்கெட் போடட்டுமா?"

"போடு. தீபாவளிக்கு நீ இங்கன வாரதுக்குப் போடு. அதுக்கு முன்னால ஒரு வேல செய்யி."

"என்னதுப்பா?"

"ஒம் போன்லேருந்து எங்காத எடுத்துருலே."