525 மடங்கில் அகப்படாத சனி

போன வியாழக்கிழமை பின்னேரம், மெல்பேண் நோபல் பார்க்கில் எங்கள் வீட்டுப் பின்வளவில் நின்று ஒரு அட்டைப்பெட்டியைச் சத்தமாக வாசித்தேன். ‘ஐந்நூற்று இருபத்தைந்து மடங்கு பெரிதாகத் தெரியும்!’

“அப்ப சனீஸ்வரன் கண் வெட்டுறதும் தெரியும், என்ன அண்ணை?” என்றான் தயாளன்.

தயாளன் எங்கள் பின்பக்க யூனிட்டில் வாடகைக்கு இருப்பவன். டண்டினோங்கில் கோழியிறைச்சி பொதி செய்யும் இடத்தில் வேலை. படகில் வந்து பதின்மூன்று வருடம்... இன்னமும் தற்காலிக விசா. மனைவியும் மகளும் வவுனியாவில். எட்டு மாதக் குழந்தையாக விட்டுவிட்டு வந்த மகள் போன வருடம் பெரிய பிள்ளையானாள். சடங்கை இவன் சாப்பாட்டு இடைவேளையில் போனில் பார்த்தான்.

அவனுடைய அம்மா ஊரிலிருந்து போன் எடுத்தால் ஒரே பல்லவிதான். “தம்பி, உனக்கு ஏழரைச் சனியடா.” அது முடிய அட்டமத்துச் சனி. அதுவும் முடிய வேறொன்று.

“ஏழரை எண்டா ஏழரை வருசம்தானே அண்ணை? எனக்குப் பதின்மூண்டு. ஆள் எழும்பிப் போக மறந்திட்டாரோ?”

வரும் புதன்கிழமை அவனுக்கு விசா நேர்காணல். அதற்கு முன் சனியை ஒருக்கா நேரில் பார்த்துவிட வேண்டுமாம். இவ்வளவு காலம் தன்னைப் பிடித்து வைத்திருப்பவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கத்தான்! சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

“காட்டுறன், வா” என்று பெரிய ஆள் மாதிரிச் சொல்லிவிட்டேன். ரெலஸ்கோப் வாங்கி ஐந்து நாள்தான். அதுவரை நான் அதில் பார்த்தது பக்கத்து வீட்டுக் கூரை மட்டும்!

பெட்டியில் கண் வைத்துப் பார்க்கிற வில்லைகள் மூன்று இருந்தன. 20, 10, 4 என்று இலக்கம். அதோடு எதையும் மூன்று மடங்காக்கும் குட்டிக் குழாய் ஒன்று. நான் விடுவேனா? ஆகப் பலமான 4, அதற்குக் கீழே அந்தக் குட்டிக் குழாய். இருப்பதையெல்லாம் பூட்டினேன்.

இருட்டியதும் வெறுங்கண்ணுக்குச் சனி கிழக்கே பளிச்சென்று நிற்கிறார். குழாய்க்குள் பார்த்தால்... கும்மிருட்டு! அரை மணி நேரம் தடவினேன். ஒருமுறை ஏதோ வெளிச்சம் வெட்டிக்கொண்டு ஓடியது. மூச்சு விட்டாலே எல்லாம் ஆடியது. கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

“விடுங்கோ அண்ணை. பாக்க விடமாட்டார். இதுவும் அவரின்ரை வேலைதான்” என்று தயாளன் என்னைத் தேற்றினான்.

எனக்கு வந்ததே கோபம்! என்னுடைய மொக்குத்தனத்துக்கும் சனியா பொறுப்பு? புதன்கிழமைக்கு முன் இந்த மனிதனுக்கு அதைக் காட்டாமல் விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன் என்று மனுசி அடிக்கடி சொல்லுவா. அவ அதைப் பாராட்டாகச் சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை மழை. மெல்பேண் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வீட்டுக்குள் இருந்து, பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தைக் கடைசியில் வாசித்தேன். குழாயின் நீளம் 700. அதை வில்லையின் இலக்கத்தால் பிரித்தால் எத்தனை மடங்கு என்று வரும். 20 போட்டால் முப்பத்தைந்து. 10 போட்டால் எழுபது. அதாவது இலக்கம் சிறிதாகச் சிறிதாக உருவம் பெரிதாகும். நல்லதுதானே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை காலை தெருக்கோடி மின்கம்பத்தைப் பார்த்துக் குழாயைத் திருப்பினேன். 20 போட்டால் கம்பத்தின் மேல்பாதி, கம்பி, குந்தியிருந்த மக்பை பறவை — தலைகீழாகத்தான், ஆனால் எல்லாம் தெரிந்தது. 4 போட்டால் ஒரே ஒரு ஆணி. அது எந்தக் கம்பத்து ஆணி என்று கேட்டால் எனக்குத் தெரியாது! மடங்கு கூடக் கூட, பார்க்கிற வட்டம் சுருங்கிப் போகிறது. 20-இல் இரண்டு நிலவைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கலாம். வியாழக்கிழமை நான் பூட்டிய கூட்டணியில் நிலவின் ஒரு மூலைதான் அடங்கும். அந்த ஊசித் துவாரத்துக்குள்ளால்தான் முழு வானத்திலும் சனியைத் தேடியிருக்கிறேன்.

கஷ்டம் வந்தால் நாங்கள் எல்லாரும் இப்படித்தானோ? எடுத்த உடனே ஆகப் பலமான வில்லையைப் போட்டுவிடுகிறோம். பிறகு ஆணி மட்டும்தான் தெரியும். அது எங்கே அறைந்திருக்கிறது, யார் அறைந்தது... ஒன்றும் தெரியாது.

அன்று புரட்டாதிச் சனி. தயாளன் விரதமிருந்து, கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு, தோய்த்த சேர்ட்டோடு இரவு வந்தான். புல்லின் ஓரத்தில் செருப்பைக் கழற்றினான். பிறகு குழாய்க்கு முன்னால் வராமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றான்.

“என்னடாப்பா?”

“நேர நிண்டு பாக்கக் கூடாதெல்லோ அண்ணை? கோயிலிலையும் பக்கத்தில நிண்டுதான் கும்பிடுறனாங்கள்.”

நல்ல காலம், இந்தக் குழாயில் கண் வைக்கிற இடமே பக்கவாட்டில்தான் இருக்கிறது. “பாத்தியோ? உன்னை நினைச்சுத்தான் செய்திருக்கிறாங்கள்” என்றேன்.

முதலில் 20. அகன்ற வட்டம். இரண்டே நிமிடத்தில் ஆள் உள்ளே! அரிசி மணியளவு வெளிச்சம். அதை நடுவுக்குக் கொண்டுவந்து, குழாயை அசைக்காமல் 10 மாற்றினேன். எழுபது மடங்கு. பெட்டிக்காரன் சொன்னதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் சுற்றிவர வளையம்... கீறின மாதிரி! என்னை அறியாமல் “ஐயோ!” என்று கத்திவிட்டேன்.

தயாளன் குனிந்தான். சனி வட்டத்தின் ஓரத்துக்கு நகர்ந்தபோதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடி ஒற்றை விரலால் குழாயை மெல்லத் தள்ளி, தானே திரும்பவும் நடுவுக்குக் கொண்டுவந்தான்.

“சரியான சின்னன் அண்ணை.”

“ஓம். அவ்வளவு தூரம்.”

“வடிவாயும் இருக்கிறார்.”

பிறகு நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

“இவர் பாவம் அண்ணை. என்ரை விசா ஃபைலை இவர் கண்டும் இருக்கமாட்டார். ஏன் இவ்வளவு காலம் எண்டு புதன்கிழமை அதை வைச்சிருக்கிறவையிட்டையே கேக்கிறன்.”