பெரிய வியாழனுக்கு ஓர் ஆள் குறைந்தது

பெரிய வியாழன் சாயங்காலம் எங்கள் ஊர் ஆண்களின் கால்களைப் பார்க்க வேண்டும். வருஷம் முழுக்கச் சேற்றிலும் கிரீஸிலும் கிடந்த கால்கள் அன்றைக்கு மட்டும் மணக்கும். இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, கோயிலில் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்து, சாமியார் மண்டியிட்டுக் கால் கழுவும் நாள் அது. அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே துவைக்கிற கல்லில் குதிகாலைத் தேய்த்து, சோப்புப் போட்டு, நகம் வெட்டி, பவுடர்கூடப் பூசிக்கொண்டுதான் வருவார்கள். சாமியார் கையில் அழுக்குப் பட்டுவிட்டால் குடும்ப மானம் என்ன ஆவது?

எனக்கு எதையும் கேட்டுவிடுகிற வயது. "கழுவுன கால எதுக்குப்பா திரும்பக் கழுவுறாங்க?" என்றேன். அப்பா இன்னொரு காலைத் தேய்க்கத் தொடங்கினார்.

படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே வயல்கள் ஒவ்வொன்றாகக் கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவருக்குள் போய்க்கொண்டிருந்த காலம். அப்பாவும் அப்படி ஒரு சுவருக்குள் வேலைக்குப் போயிருந்தார். பன்னிரண்டு பேரில் வருஷா வருஷம் ஒருவர் அவர். அந்த வியாழன் அதிகாலையிலேயே காலைத் தேய்த்து, ஷூவுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு கம்பெனிக்குப் போனார். சாயங்காலம் அவர் வரவில்லை, சேதிதான் வந்தது. அடுத்த ஷிஃப்டு ஆள் வரவில்லையாம், ஓ.டி. பார்க்கச் சொல்லிவிட்டார்களாம்.

பெரியப்பாதான் கோயில் உபதேசியார். சாமியார் வராத நாளில் ஜெபம் சொல்வதும், மணி அடிப்பதும், யார் எங்கே உட்கார்வது என்று தீர்மானிப்பதும் அவர் பொறுப்பு. காலி நாற்காலியைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போனது.

"பதினோரு பேர வச்சிகினு இன்னாடா பண்றது? அன்னிக்கி காட்டிக்குடுத்த யூதாஸு கூட வந்து குந்திகினு இருந்தானே!"

"அப்ப நான் வேணா யூதாஸா குந்தவா?" என்றார் சித்தப்பா.

"நீ போன மாசம் பாவசங்கீர்த்தனத்துக்கே வரல. ஓடு, யாரயாவது இட்டாந்துரு."

சித்தப்பா கம்பெனி வேன் ஓட்டுகிறவர். போன வேகத்தில் திரும்பி வந்தார், கூடவே ஓர் ஆள். கோயில் அடிபம்பில் குடத்தோடு நின்றவராம். புதுச் சுவர் எழுப்ப வடக்கேயிருந்து வந்து, தகரக் கொட்டகையில் தங்கியிருந்தவர்களில் ஒருவர். தமிழ் தெரியாது. சித்தப்பாவுக்கு வேனில் கற்ற இந்தி கொஞ்சம் தெரியும், அதில் என்ன சொல்லி அழைத்து வந்தாரோ, அந்த ஆள் நேராக வந்து நாற்காலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். சாமான் சுமக்கக் கூப்பிட்டதாக நினைத்திருக்கிறார். பெரியப்பா நாற்காலியைப் பிடுங்கிக் கீழே வைத்து, அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கழற்றச் சொல்லிச் சைகை காட்டினால், தலையை மட்டும் அசைத்தார்.

பாட்டு தொடங்கியது. சாமியார் செம்பும் தாம்பாளமும் துண்டுமாக ஒவ்வொரு காலாக வந்தார். சொட்டுத் தண்ணீர், ஓர் ஒற்றல், ஒரு முத்தம், அவ்வளவுதான். கடைசி நாற்காலிக்கு வந்து மண்டியிட்டதுதான் தாமதம், அந்த ஆள் பதறி எழுந்தார். வெள்ளை அங்கிக்காரர் ஒருவர் தன் காலடியில் விழுவதா? அவர் சாமியாரின் காலைத் தொடக் குனிய, சாமியார் அவர் காலைப் பிடிக்கக் குனிய, இரண்டு தலையும் நங்கென்று முட்டிக்கொண்டன. நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சாமியார் சிரிக்கவில்லை. மெல்ல பூட்ஸை உருவினார். முதலில் ஒரு வாடை வந்தது. பிறகு துணி. துணி தோலோடு ஒட்டியிருந்தது. அதை நனைத்து நனைத்து எடுத்தபோது, சிமெண்ட் அரித்த பாதம் தெரிந்தது, விரலிடுக்கெல்லாம் வெள்ளையும் சிவப்புமாக. பாட்டு முடிந்துபோனது. பாட்டுக்குழு ஒருவரையொருவர் பார்த்துவிட்டு முதல் அடியிலிருந்து மறுபடி தொடங்கியது. அதுவும் முடிந்தது. சாமியார் இன்னும் தண்ணீர் கேட்டார். எனக்கு ஒரே யோசனை: வருஷா வருஷம் சொட்டுத் தண்ணீருக்குக் குடம் குடமாக நிரப்பி வைப்பது இதற்குத்தானோ?

முத்தமிட்டுச் சாமியார் நிமிர்ந்ததும், அந்த ஆள் ஈரக் காலைப் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு வாசலைப் பார்த்தே நடந்தார். சித்தப்பா பின்னாலேயே ஓடிப் பேசினார். வெளியே பெரியப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது சேதி சொன்னார்.

"காலு இப்பிடி கீதுன்னு மேஸ்திரிக்கித் தெரிஞ்சா ஊருக்குத் தொரத்திடுவானாம். நொண்டுற ஆளுக்கு அங்க வேல கெடையாதாம். இவன் அனுப்புற காசுலதான் வூட்ல ஒல கொதிக்கிதாம்."

"பூசையே கெட்டுப்போச்சி," என்றார் பெரியப்பா.

"பூசை கெடக்கட்டும் மாமா," என்றாள் அம்மா. அவரிடம் அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. "இந்தக் காலோட நாளிக்கும் சிமெண்ட்ல நின்னா கால எடுக்க வேண்டிதுதான். வேலயும் போவக் கூடாது, காலும் போவக் கூடாது. இன்னா பண்ணலாம், அதச் சொல்லுங்க."

பெரியப்பா உள்ளே போய் மெழுகுவர்த்திகளைச் சரிசெய்தார்.

மறுநாள் பெரிய வெள்ளி, இயேசுவைச் சிலுவையில் அறைந்த நாள். ஆணி அடிக்கிற சத்தம்கூடக் கூடாது என்று எங்களை அடக்கி வைக்கும் பெரியப்பா, விடிந்ததும் சைக்கிளை எடுத்தார். நான் கேரியரில் தொற்றிக்கொண்டேன். தகரக் கொட்டகை வாசலில் ஆட்கள் வேலைக்கு நின்றிருந்தார்கள். எங்கள் ஆள் இரண்டு காலையும் சமமாக ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"மேஸ்திரி, கோயில் ஜன்னல் கம்பில்லாம் துரு புட்சி கீதுபா. ஈஸ்டர் வருது. குந்திகினு பெயிண்ட் அடிக்க ஒரு ஆளு குடு. கூலிய நாங்க குட்த்துர்றோம்."

"யாரு வோணும்?"

பெரியப்பா வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார், மாட்டுச் சந்தையில் நிற்கிற மாதிரி. ஒருவனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், இன்னொருவன் கையைப் புரட்டிப் பார்த்தார். கடைசியில், வேண்டா வெறுப்பாக, "அவன் போதும்" என்றார்.

அன்றைக்கே சித்தப்பா அந்த ஆளை வேனில் படப்பை டாக்டரிடம் கொண்டுபோனார். மறுநாளிலிருந்து அவர் கோயில் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை முட்டி போடும் பலகை மேல் நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாக நீலம் பூசினார். அம்மா தினமும் வந்து காலைக் கழுவி மருந்து போடுவாள். "ஆட்டாத தம்பி, ஆட்டுனா நான் கட்ட மாட்டேன்" என்று அதட்டுவாள். அவருக்குப் புரியாது, ஆனால் ஆட்டமாட்டார். ஈஸ்டர் வந்து போனது, பெயிண்ட் வேலை முடிந்தபாடில்லை. ஒரு ஜன்னல் முடிந்ததும் பெரியப்பா வந்து பார்த்து, "இன்னோரு கோட்டு அடி" என்று விரலால் காட்டிவிட்டுப் போவார். பாதத்தில் புதுத் தோல் மூடிய பிறகுதான் பெரியப்பாவுக்கு வேலையை மெச்சிக்கொள்ள மனம் வந்தது. அந்த ஆள் சுவர் வேலைக்கே திரும்பிப் போனார், நொண்டாமல்.

எனக்குத்தான் பிடிபடவில்லை. ஈஸ்டருக்கு நாற்பது நாள் முன்னால், தவக்காலம் தொடங்கியபோதுதான் ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஈரம் காயுமுன் சாய்ந்து புதுப் பாவாடையைக் கெடுத்துக்கொண்டு அடி வாங்கியவளே நான்தான்.

"துரு எங்க பெரியப்பா இருந்திச்சி?" என்று கேட்டேன்.

"உனுக்குக் கண்ணு தெர்ல. போயி ஜெபத்தப் படி."

பொய் சொல்வது பாவம் என்று ஞாயிறுதோறும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவர் பொய் சொல்ல மாட்டார். அப்படியானால் துரு எங்கேயோ இருந்தாக வேண்டும். எல்லோரும் போன பிறகு நான் மட்டும் நின்று, நகத்தால் நீலத்தைச் சுரண்டினேன். அடியிலும் நீலமாகவே இருந்தது. அடுத்த கம்பிக்குப் போனேன்.