முந்திரிப்பழச் சுவரும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

நேற்று மனைவி கைபேசியில் புடவை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு படத்துக்குக் கீழே 'மாங்கா மோட்டிஃப்' என்று போட்டிருந்ததாம். "அப்படின்னா என்னங்க?" என்றாள். தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்கா தெரியாது? ஆங்கில இலக்கியம் படித்தவனாயிற்றே! அந்தச் சொல் தெரிந்ததால் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிந்திய வருடங்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை. ஓய்வு பெறுகிறவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது போய்ப் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். குழாய் ஒழுகுகிறதா, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, பின்பக்கம் ஷெட் போட்டிருக்கிறார்களா. என்றாவது ஒருநாள் பர்மனென்ட் ஆகிவிடலாம் என்ற நப்பாசையில் தினமும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போவேன்.

படிவம் காண்ட்ராக்டர் எங்கிருந்தோ நகலெடுத்தது. கடைசிப் பக்கத்தில் 'டெக்கரேட்டிவ் மோட்டிஃப்' என்று ஒரு கட்டம். என்னோடு வரும் சூப்பர்வைசர் அதில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ஒருநாள் டீக்கடையில், "இதுக்கு என்னப்பா அர்த்தம்? இத்தினி வருசமா கோடுதான் போட்டுக்கினு இருக்கேன்" என்றார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "புடவை முழுக்க இருக்கிறது டிசைன் சார். அதுல திரும்பத் திரும்ப வர்ற ஒரு மாங்கா இருக்கே, அதுதான் மோட்டிஃப். துணி, பாத்திரம், சுவரு, எதுல வந்தாலும் அந்தப் பேருதான்." டீ ஆறிப்போகும்வரை பேசினேன். அவர் தலையாட்டிக் கேட்கக் கேட்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் போனது செல்வியம்மா வீட்டுக்கு. அவர் கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்குச் சொந்த ஊர் முந்திரித் தோப்புகள் சூழ்ந்த காடாம்புலியூர். கூடத்தின் நான்கு சுவர்களிலும் தோள் உயரத்தில் சிவப்பும் மஞ்சளுமாக முந்திரிப்பழங்கள், அடியில் கொட்டை தொங்க, வரிசையாக ஓடின. குடிவந்த வருடம் கதவோரம் ஒன்று வரைந்தாராம். பிறகு பொங்கலுக்குப் பொங்கல், பழையதன்மேல் படாமல் வெள்ளையடித்துவிட்டு, புதிதாக நாலைந்து சேர்ப்பாராம். அந்த வருடம்தான் நாலாவது சுவர் நிறைந்து, வரிசை கதவோரத்து முதல் பழத்தைத் தொட்டிருந்தது.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். "நீ சொன்னியே, இதானே அது?"

"ஆமா சார்."

"அப்ப எழுது."

அழகான கையெழுத்தில் எழுதினேன். அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டால், குடியிருந்தவர்களே அதை அழித்து வெறும் சுவராக்கித் தர வேண்டும். இல்லாவிட்டால் காலி செய்ததற்கான சான்று கிடையாது. அது இல்லாமல் ஓய்வுப் பணத்துக்கான காரியம் எதுவும் நகராது.

செல்வியம்மா என்னிடம்தான் கேட்டார். "தம்பி, வர்றவங்களுக்குப் புடிக்கலன்னா அவங்க அழிச்சிக்கட்டும். நான் போட்டத என் கையாலயே அழிக்கச் சொல்றீங்களே, இது ஞாயமா?"

மூட்டை கட்டிக்கொண்டிருந்த கணவர், "வுடு செல்வி. அவங்க கையெழுத்து போட்டாதான் நம்ம வேல ஆவும்" என்றார்.

நியாயமில்லை. அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் சூப்பர்வைசரிடம் சொல்ல வாய் வரவில்லை. மாங்காயைப் பற்றி அவ்வளவு பேசிய அதே வாய்.

மறுபடி போனபோது வீடெல்லாம் ஈரச் சுண்ணாம்பு வாசனை. செல்வியம்மாவின் நகக்கண்களில் மட்டும் சிவப்பும் மஞ்சளும் ஒட்டியிருந்தன. "நல்லா பாத்துக்க தம்பி, ஒண்ணாவது மிச்சம் இருக்குதான்னு" என்றார். நானும் வெட்கமில்லாமல் நான்கு சுவர்களையும் சுற்றிப் பார்த்தேன்.

நான் பர்மனென்ட் ஆகவில்லை. அந்த வீட்டுக்கு யாரும் குடிவரவும் இல்லை. சில வருடங்கள் பூட்டிக் கிடந்தது. பிறகு பழைய கட்டடம் என்று அந்த வரிசையையே இடித்துத் தள்ளிவிட்டார்கள். யார் வரப்போகிறார் என்று அந்த அம்மாவைச் சுரண்ட வைத்தோமோ, அவர் கடைசிவரை வரவே இல்லை.