வாட்ச் கட்டிய கை

ஒர்க்‌ஷாப்பில் அவரை எல்லோரும் பத்துப்பத்து என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. விலையுயர்ந்த கார்களுக்கு பாலிஷ் போடுவது அவர் வேலை. அந்த வேலையில் அவரைச் சேர்த்துவிட்டது மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். மச்சான் அங்கேயே மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் தங்கியிருந்தார். ராத்திரிச் சாப்பாடு மட்டும் தங்கச்சி வீட்டில்.

அந்தப் பட்டப்பெயர் வந்தது ஒரு வாட்ச்சால்.

ஒரு வாட்ச் கம்பெனிக்கு விளம்பரப் படம் எடுக்க சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று தேவைப்பட்டது. முதலாளி தன் காரைக் கொடுத்தார். விரல் ரேகை ஒன்று பட்டாலும் படத்தில் தெரியும் என்பதால் துடைப்பதற்கு பாலிஷ்காரரையும் கூடவே அனுப்பினார். ஸ்டூடியோவில் மாடல் தயாராக இருந்தான். முகம் களையாகத்தான் இருந்தது, மணிக்கட்டுதான் ஒல்லி. அந்தக் கனமான வாட்ச் அவன் கையில் பூட்டுப் போட்ட மாதிரி தொங்கியது. போட்டோகிராபர் எப்படியெல்லாமோ திருப்பிப் பார்த்தார். சரிப்படவில்லை. சலித்துப்போய் நிமிர்ந்தபோது, கார்க் கதவைத் துடைத்துக்கொண்டிருந்த கை கண்ணில் பட்டது.

"அண்ணே, அந்தக் கைய இப்படிக் காட்டுங்க" என்றார்.

அகலமான மணிக்கட்டு. புறங்கையில் நரம்பு அளவாகப் புடைத்திருந்தது. வருடக்கணக்கில் மெழுகும் மெல்லிய துணியும் பழகிய கை என்பதால் ஒரு காய்ப்போ கீறலோ இல்லை. நகத்தை மட்டும் சுத்தம் செய்து, பவுடர் தடவி, ஸ்டீயரிங்கைப் பிடிக்கச் சொன்னார்கள்.

வாட்ச்சைக் கட்டிவிட்டது கம்பெனியின் ஆள். வெள்ளைக் கையுறை போட்ட, அதிர்ந்து பேசாத மனிதர். வேலையைச் செய்துகொண்டே சொன்னார்: "ஒரு ரேஸ் காரப் பாத்துதான் இத வடிவமைச்சாங்க. மேல் விளிம்பு சாய்ஞ்சிருக்கு பாருங்க, கார் பானெட் மாதிரி. ஸ்டீயரிங்லேர்ந்து கை எடுக்காமலே மணி பாக்கலாம்."

முகப்பு, காரின் வேகமானி போலவே கறுப்பு. எண்கள் வெள்ளை. ஓரத்தில் ஒரு சிவப்புப் பட்டை. பக்கவாட்டில் காற்று போகிற மாதிரி வரிவரியாகக் கீற்றுகள். தோல் பட்டையில் சீட்டுக்குப் போடுவது போல சிவப்பு நூல் தையல். பின்பக்கம் கண்ணாடி. அதன் வழியே குட்டிக் குட்டிப் பற்சக்கரங்களும் முடி போன்ற சுருள்கம்பியும் தெரிந்தன.

"பேட்டரி கிடையாதா சார்?"

"கிடையாது. உள்ள ஒரு எடை சுத்தும். உங்க கை ஆடற ஆட்டத்துலயே சாவி ஏறிக்கும். கட்டியிருக்கற வரைக்கும் ஓடும்."

ஆனால் படத்துக்காக அதை நிறுத்தியிருந்தார்கள். பக்கவாட்டில் இருந்த சாவித் திருகைப் பாதி இழுத்துவிட்டு, முட்களைப் பத்து மணி பத்து நிமிடத்தில் வைத்திருந்தார்கள். அப்போதுதான் கம்பெனி பெயரை முட்கள் மறைக்காதாம். அன்று முழுவதும் ஓடாத வாட்ச்சைக் கட்டிக்கொண்டு ஓடாத காரை அவர் ஓட்டினார். எல்லாம் முடிந்து கழற்றும்போது, "ஒரு தடவ ஓட விடுங்களேன்" என்று கூச்சத்தோடு கேட்டார். கையுறைக்காரர் சிரித்துக்கொண்டே திருகை உள்ளே தள்ளினார். பாலிஷ்காரர் வாட்ச்சைக் காதருகே கொண்டுபோனார். தூரத்தில் ஏதோ என்ஜின் மிதமாக உறுமுவது போலிருந்தது. கையை இறக்க மனமே வரவில்லை.

படம் பெரிய கடைவீதியில், ஒரு கட்டடத்தின் உச்சியில் ஏறியது. நாலு மாடி உயரத்துக்கு ஒரு கை. முகம் இல்லை. முதலில் பார்த்துவிட்டு வந்து சொன்னது மச்சான்தான்.

"மாப்ளே, ஊரே அண்ணாந்து பாக்குது. ஆனா அந்த வாட்ச் ரிப்பேரு போல. காலையில போனாலும் பத்துப்பத்து, சாயங்காலம் போனாலும் பத்துப்பத்து."

ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. பெயரும் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. இத்தனை வருடம் அவர் துடைத்த கார்களைத்தான் ஆட்கள் பார்த்தார்கள். துடைத்தவரை யாரும் பார்த்ததில்லை. பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது பக்கத்து சீட் பெண்ணிடம் அவர் மனைவி, "அது எங்க வீட்டுக்காரர் கை" என்று சொல்வாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். காது மட்டும் இந்தப் பக்கம் இருக்கும்.

சில மாதங்கள் கழித்து போட்டோகிராபர் மறுபடி கூப்பிட்டார். அதே வாட்ச், நீல முகப்பில் புதிதாக வருகிறதாம். "அதே கைதான் வேணும்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் ஒரு கீறல் விழாமப் பாத்துக்கங்க" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் கைக்கு ராஜ மரியாதை. காய் நறுக்க விடமாட்டாள் மனைவி. மகள் தன் பொம்மைக்குத் தடவும் க்ரீமைக் கொண்டுவந்து அப்பா கையில் தேய்ப்பாள். ஒர்க்‌ஷாப்பில் அவர் கையுறை போட்டுக்கொண்டார். சக்கரம் கழற்ற, பேட்டரி தூக்க யாராவது கூப்பிட்டால் மெல்ல நகர்ந்துவிடுவார்.

"கல்யாணப் பொண்ணு கூட இவ்வளவு பொத்திப் பொத்தி வெக்க மாட்டா" என்று மச்சான் கேலி செய்தார். ஆனால் அவருக்கு வரவேண்டிய கனமான வேலைகளைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டதும் மச்சான்தான்.

அந்த மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மச்சான் ஒரு காரை ஜாக்கில் ஏற்றிவிட்டு அடியில் படுத்து சைலன்சரைக் கழற்றிக்கொண்டிருந்தார். காருக்கு முட்டுக் கொடுக்கும் இரும்பு ஸ்டாண்டுகள் வேறு வண்டியில் மாட்டியிருந்ததால், பக்கத்தில் ஒரு மரக்கட்டையை வைத்திருந்தார். அது பாதிதான் உள்ளே போயிருந்தது. பத்துப்பத்து அடுத்த காரின் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். க்ரீம் தடவிய கைக்குப் புழுக்கமாக இருந்ததால் கையுறையைக் கழற்றி வைத்திருந்தார்.

காரைத் தாங்கியிருந்த ஜாக்கிலிருந்து எண்ணெய் கசிந்தது. கார் விழவில்லை. பெருமூச்சு விட்ட மாதிரி மெதுவாக இறங்க ஆரம்பித்தது.

"மாப்ளே, இறங்குது. அந்தக் கட்டைய உள்ள தள்ளு" என்றார் மச்சான். குரலில் பதற்றம்கூட இல்லை. பக்கத்தில் மாப்பிள்ளை இருக்கிறார் என்ற தைரியம்.

பத்துப்பத்து ஓடிவந்து குனிந்தார். காருக்கும் கட்டைக்கும் நடுவே இடுக்கு சுருங்கிக்கொண்டே வந்தது. வாட்ச் கட்டும் இடது கை உள்ளே போனது, கட்டையைத் தொட்டும்விட்டது. மேலே இரும்பு விளிம்பு விரல்களை நோக்கி இறங்கியது. அவர் கையை வெளியே இழுத்துக்கொண்டார்.

பிறகுதான் காலால் உதைத்தார். கட்டை கோணலாகப் போய்ச் சிக்கியது. கார் அதன்மேல் உட்கார்ந்தது. மச்சானின் நெஞ்சும் தலையும் தப்பின. இடுப்பும் தொடையும் தப்பவில்லை.

அந்தச் சத்தத்தை அவர் பிறகு யாரிடமும் விவரித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இவர் மட்டும் உதைக்கலன்னா ஆளே போயிருப்பாரு." மனைவி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். "எங்கண்ணன என்கிட்ட திருப்பிக் குடுத்துட்டீங்க" என்றாள். உதைத்தது பொய் இல்லை. அதற்கு முன்னால் நடந்ததை யாரும் கேட்கவும் இல்லை.

தொடையில் கம்பி வைத்துத் தைத்து மச்சானை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் அறைக்குப் படி ஏற வேண்டும் என்பதால் தங்கச்சி வீட்டுக் கூடத்திலேயே கட்டில் போட்டார்கள். கூடத்தைத் தாண்டாமல் சமையலறைக்கும் போக முடியாது, வாசலுக்கும் போக முடியாது. பத்துப்பத்து ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டு அந்தக் கட்டிலைக் கடந்தார். மகள் தன் பள்ளித் தோழிகளைக் கூட்டிவந்து, "எங்க மாமா கார்க்கடியில மாட்டிக்கிட்டாரு, எங்கப்பா ஒரே உதை விட்டு காப்பாத்தினாரு" என்று கதை சொன்னாள். மச்சான் கண்ணை மூடித் தூங்குவது போலப் படுத்திருந்தார்.

படம் எடுக்கும் நாளும் வந்தது. அவர் போவதாக இல்லை. மனைவிதான் விடவில்லை. "அண்ணன்கிட்டயே கேளுங்க, அதுவும் போன்னுதான் சொல்லும்" என்றாள்.

மச்சான் கட்டிலில் சாய்ந்தபடி அவரைப் பார்த்தார். "போ மாப்ளே. கை நல்லாத்தான இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். ஆனால் அந்த வார்த்தை அவரைக் குத்தியது. காருக்கு அடியில் படுத்திருந்த மனிதருக்கு வெளியே நின்றவரின் முகம் தெரிந்திருக்காது. உள்ளே வந்த கை தெரிந்திருக்கும்.

ஸ்டூடியோவில் எல்லாம் பழையபடியே இருந்தது. கையுறைக்காரர் நீல முகப்பு வாட்ச்சை எடுத்துவந்து கட்டினார். பத்துப்பத்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். கை நடுங்கியது. கண்ணால் பார்த்தால் தெரியாத நடுக்கம்தான், கேமராவுக்குத் தெரிந்தது. "மூச்ச இழுத்து விடுங்க" என்றார் போட்டோகிராபர். முழங்கைக்கு அடியில் மணல் பை வைத்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். வாட்ச்சின் கண்ணாடியில் விழுந்த விளக்கு வெளிச்சம் துள்ளிக்கொண்டே இருந்தது. முதல் தடவை அந்த வாட்ச்சைக் கழற்ற மனமில்லாமல் நின்றவருக்கு இப்போது அதன் கனம் தோள் வரை ஏறியது.

"உடம்பு சரியில்லையா?" என்று கையுறைக்காரர் தணிந்த குரலில் கேட்டார்.

"கை சரியில்ல சார். வேற ஆளப் பாத்துக்கங்க."

தானே கொக்கியைக் கழற்றி, வாட்ச்சை அதன் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி தையல் கம்பெனி வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். மச்சான் மட்டும் ரேடியோவின் முதுகைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்துப்பத்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மச்சான், அன்னிக்கு நீங்க பாத்தீங்களா?"

மச்சான் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தார். எதை என்று கேட்கவில்லை. "பாத்தேன்" என்றார்.

"அப்பறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்? அவ உன்னோட சண்ட போடுவா. இல்ல, என்கூடப் பேசாம போயிடுவா. எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு வீடுதான மாப்ளே."

பத்துப்பத்து சுவரோரம் உட்கார்ந்தார்.

"யாருக்கும் அந்த நேரத்துல கை பின்னாலதான் போகும்" என்றார் மச்சான். "அது எனக்குத் தெரியும். ஆனா படுத்திருக்கறப்ப தெரிய மாட்டேங்குது. அந்தக் கை உள்ள வந்துச்சா, அப்பாடான்னு இருந்துச்சு. அது திரும்பிப் போனதுதான் கண்ணுக்குள்ளயே நிக்குது. கால் வலிகூடப் பரவால்ல."

"மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

"கேக்காத. கேட்டா நான் சரின்னு சொல்லணும். இன்னும் அந்த இடத்துக்கு நான் வரல."

சாயங்காலம் மனைவி வந்ததும் பத்துப்பத்து அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அவள் குக்கர் மூடியைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா கத்தியிருப்பேன்" என்றாள். "இத்தன நாளா ஊரெல்லாம் உங்களப் பத்திப் பெருமையாச் சொல்லிட்டு வந்திருக்கேன். இப்ப நான் யார்மேல கோவப்படறது?"

அன்றும் அவருக்குத் தட்டு வைத்தாள். மகளிடம் மட்டும், "அந்தக் கதைய இனிமே யாருக்கும் சொல்லாத" என்றாள். அதன்பிறகு அவரிடம் தேவைக்குத்தான் பேசினாள். கேட்டால் பதில் வரும், தானாக ஒரு பேச்சு வராது. வாயாடி என்று பெயர் வாங்கிய பெண் அவள். வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்ததும் மச்சான் கிளம்பிவிட்டார். ஒர்க்‌ஷாப் முதலாளி கீழேயே ஒரு அறை ஒதுக்கிக் கொடுத்தார். இனி காருக்கு அடியில் படுக்க அவரால் முடியாது. மேசையில் வைத்துப் பார்க்கும் வேலைகளைச் செய்தார். அடியில் படுக்க வேறொரு மெக்கானிக் வந்தார். பத்துப்பத்து அதே ஒர்க்‌ஷாப்பில்தான் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். வேலை விஷயமாக இருவரும் பேசிக்கொண்டார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மச்சான் வருவது குறைந்தது, பிறகு நின்றும் போனது. மனைவி தூக்குப் பாத்திரத்தில் போட்டுக் கொடுக்க, பத்துப்பத்து கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு வருவார். பாத்திரம் கழுவித் திரும்பி வரும்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் போன பத்துப்பத்து பஸ் கிடைக்காமல் நடந்தே வீடு திரும்பினார். சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. வாசலில் ஊன்றுகோல் சாத்தியிருந்தது. உள்ளே மச்சான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் அவருக்கு ஏதோ படம் வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள். தட்டுகள் போட்டபடியே இருந்தன. யாரும் சாப்பிட்டிருக்கவில்லை.

"நான் அப்பவே சாப்பிடச் சொன்னேன்" என்றாள் மனைவி அவரைப் பார்க்காமல். "அண்ணன்தான், அவரும் வந்துடட்டும்னுச்சு."

பத்துப்பத்து பையை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு, தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது மச்சான் தன் தட்டை இழுத்துக்கொண்டார். முதல் வாய் சாப்பிட்டதும், குழம்பில் உப்பு குறைவு என்று சொன்னார். மனைவி உப்பை எடுத்துவர எழுந்தாள்.