கேட்டவர்களுக்கு மட்டும் ரத்து

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊரில் பஸ் ஓட்டும் கிளெனிஸ், ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் சூப்பர் மார்க்கெட்டில் காரை நிறுத்தி ரொட்டி வாங்கினாள். மாலை வீடு திரும்பும்போது பூனைத் தீனி வாங்க மறுபடி அங்கே நுழைந்தாள். வாசல் கேமரா காலையில் அவள் வந்ததையும் மாலையில் போனதையும் மட்டும் பிடித்தது. நடுவில் வெளியேறியதையும் மறுபடி நுழைந்ததையும் தவறவிட்டது. அனுமதித்த நேரத்தை மீறிப் பகல் முழுக்கக் கார் அங்கேயே நின்றதாகச் சொல்லி, அந்த இடத்தைக் கவனிக்கும் பார்க்கிங் கம்பெனி நூறு பவுண்டு அபராதம் கேட்டது. சீக்கிரம் கட்டினால் அறுபதாம். செய்யாத தப்புக்குத் தள்ளுபடி!

கிளெனிஸ் நேராகக் கடை மேனேஜரிடம் போனாள்.

"அன்னிக்குப் பகல் பூரா என் கார் பஸ் டிப்போல நின்னுச்சு. மத்தியானம் உங்க கடை வாசல் வழியா பஸ் ஓட்டிக்கிட்டுப் போனேன். நீயே கை காட்டினியே, டேரன்!"

"தெரியும்க்கா. அந்தக் கேமரா அப்படித்தான் சொதப்பும். ரத்து பண்ணச் சொல்லிடறேன்."

"அப்போ எனக்கு மட்டும் நடக்கலையா?"

"வந்து கேக்கறவங்களுக்கெல்லாம் ரத்து பண்ணிக் குடுத்துடறோம்."

"கேக்காதவங்க?"

டேரன் தரையைப் பார்த்தான். "கட்டிடுவாங்க."

அவளுடைய அபராதம் அன்றே ரத்தானது. பயந்து கட்டியவர்களின் பணம் கம்பெனியிடமே இருந்தது. மறுநாள் முதல் கடை வாசல் பஸ் நிறுத்தம் வந்ததும் கிளெனிஸ் பயணிகளிடம் உரக்கச் சொன்னாள்: "இந்தக் கடையில நிறுத்தி அபராதம் வந்தவங்க, அவசரப்பட்டுக் கட்டாதீங்க. உள்ள போய் மேனேஜரைக் கேளுங்க."

"எங்கிட்ட காரே கெடையாதே, கண்ணு," என்றார் முன் இருக்கைக் கிழவர்.

"மருமகன்கிட்ட இருக்குல்ல? சொல்லுங்க."