இரண்டு மடங்கு காத்திருப்பு

மகள் என் அழைப்பை எடுக்காத முதல் நாள் நான் விட்டேனா? திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டேயிருந்தேன். அவள் கோபன்ஹேகனில் இருக்கிறாள். அதற்கு முந்தின நாள்தான் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டதாகச் சொன்னாள், இருவரும் வாய்க்கு வந்தபடி பேசினோம். அதன்பிறகு பேச்சே இல்லை. "சுகமாகத்தான் இருக்கிறாள், உங்களோடு கதைக்க விருப்பமில்லையாம்" என்று அவளுடைய சிநேகிதி எழுதினாள். அது இன்னும் பயத்தைத் தந்தது. பிள்ளை இப்படியே போய்விடுவாளோ என்று மறுபடியும் அழைத்தேன்.

"சும்மா இருமப்பா. கோவம் ஆறினா அவளே உமக்குக் கோல் எடுத்துக் கதைப்பாள்," என்றார் கணவர். அவருக்கென்ன, படுத்தவுடன் நித்திரை வந்துவிடும்.

நாங்கள் இருக்கும் ரண்டர்ஸ் நகரில் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய் உதவுவது என் வேலை. காலையில் முதல் வீடு ஒரு கிழவருடையது. கால் வீக்கத்துக்கான இறுக்கமான காலுறையை அவருக்கு மாட்டிவிடவேண்டும். எண்பதைக் கடந்தவர். ஒரு காலத்தில் துளையிட்ட அட்டைகளைக் கணினிக்காரரிடம் கொடுத்துவிட்டு அடுத்த நாள் போய்த்தான் விடையை வாங்குவார்களாம். அதை மாற்றி, ஆளைக் கணினியின் முன் உட்காரவைத்து, தட்டியவுடன் பதில் வரச் செய்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு ஓர் ஊர்க் கணினியை இன்னோர் ஊர்க் கணினியோடு தொலைபேசிக் கம்பியில் பேசவைத்திருக்கிறார். இதையெல்லாம் நான் கேட்காமலே பலமுறை சொல்லியிருக்கிறார்.

நான் கைபேசியைப் பார்த்துப் பார்த்துக் காலுறை மாட்டியதைக் கவனித்து, என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"ஓயாமல் கேட்டால் கம்பி அடைத்துப்போகும்," என்றார். "பதில் வராவிட்டால் கொஞ்சம் பொறுத்துக் கேட்கவேண்டும். அப்போதும் வராவிட்டால் இரண்டு மடங்கு பொறுக்கவேண்டும். எங்கள் கணினிகளுக்கு அதுதான் விதி."

கணினிக்கு ரோசமா மானமா என்று மனதுக்குள் முணுமுணுத்தேன். ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. ஒரு நாள் பொறுத்து அழைத்தேன். பிறகு இரண்டு நாள், பிறகு நான்கு. அவள் எடுக்கவில்லை. அடுத்தது எட்டு நாள். கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். பேருந்தில் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

அந்த எட்டு நாள் முடியுமுன்னே ஒரு காலையில் பொறுக்கமுடியாமல் கிழவரிடம் கேட்டேன், "கடைசியில் பதில் வந்துவிடுமா?"

"நானும் என் மகனிடம் அப்படித்தான் பொறுத்திருக்கிறேன்," என்றார். அவருக்கு மகன் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "போன முறை நான்கு வருடம் பொறுத்து எழுதினேன். பதில் இல்லை. இப்போது எட்டு."

"அது எப்போது முடியும்?"

"எனக்குத் தொண்ணூறு தாண்டிவிடும்," என்றார், பேருந்து நேரம் சொல்வதுபோல.

எனக்கு வந்த ஆத்திரத்தில் காலுறையைப் பாதியில் விட்டு எழுந்தேன். "அடுத்த நாள்வரைகூட ஒருவரும் பதிலுக்குக் காத்திருக்கக்கூடாது என்றுதானே வாழ்நாளெல்லாம் வேலை செய்தீர்கள்?" என்று சத்தம் போட்டேன். வேலைக்கு வந்த வீட்டில் அப்படிக் கத்தலாமா என்ற நினைப்பே வரவில்லை. அவர் குனிந்து, பாதியில் நின்ற காலுறையைத் தானே இழுக்கப் பார்த்தார்.

அவருடைய சமையலறைக்குப் போய், நின்றபடியே மகளை அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். எதைக் கேட்டாலும் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை, அழுதுகொண்டு தமிழில் கேட்டாள்.

"ஏனம்மா எனக்குக் கோல் எடுக்கிறதை விட்டனீங்கள்?"