செவ்வாய்க்கிழமை அக்கா

அக்கா வலது காதுத் தோட்டைக் கழற்றித் தண்ணீர்ப் பாட்டிலின் மூடிக்குள் போடுகிறார். செருப்பை மேசைக்கு அடியில் உதறுகிறார். தாளைப் பார்த்து போனில் எண்களை ஒவ்வொன்றாக அழுத்துகிறார். பிறகு இடது கை விரல்கள் மேசையில் தாளம் போடத் தொடங்கும். அந்தப் பக்கம் அடிக்கிற மணி ஒன்று, இரண்டு, மூன்று. நான்கைத் தாண்டினால் தாளம் நின்று, விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். எதிர் மேசையில் கணினியில் விவரம் ஏற்றுகிறவள் நான். அந்த விரல்கள் நின்றால் என் தட்டச்சும் நின்றுவிடும்.

மனநல மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவு இது. வார்டிலிருந்து வீடு திரும்பியவர்களை வாரம் ஒரு முறை, இருபத்துநான்கு வாரம், போனில் அழைத்துப் பேசினால் அவர்கள் மறுபடி இங்கே வந்து படுப்பது குறையுமா என்று பார்க்கிறோம். அழைப்பது அக்காவின் வேலை. பதினெட்டு வருஷம் வார்டில் நர்ஸாக ஓடி, முழங்கால் தேய்ந்து, உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டு வாங்கியவர். செவ்வாய்க்கிழமைப் பட்டியல்தான் இருப்பதிலேயே நீளம். அதிலிருந்த யாரோ வைத்த 'செவ்வாய்க்கிழமை அக்கா' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"எப்படி இருக்கீங்க" என்று அக்கா யாரையும் கேட்பதில்லை. "அதைக் கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வச்சிடுவாங்க. பல்லு தேய்ச்சாச்சான்னு கேளு, குட்டு உடைஞ்சிடும்" என்பார். ஒருவர் ரோஷம் வந்து, போனைக் காதோடு வைத்துக்கொண்டே பல் தேய்த்துக் காட்டியிருக்கிறார். அவர் கொப்பளித்து முடிக்கும் வரை அக்கா பொறுமையாகக் கேட்டார்.

வீட்டில் கதை வேறு. "ஊருக்கெல்லாம் போன் போடுவா, கட்டினவன் கூப்பிட்டா மட்டும் எடுக்க மாட்டா" என்று அவர் கணவர் என்னிடமே புலம்பியிருக்கிறார். உண்மைதான். வீட்டுக்குப் போனதும் போனைத் துணி அலமாரிக்குள் வைத்து மூடிவிடுவாராம். "மணி அடிச்சாலே யாரோ போயிட்டாங்கன்னு தோணுது. என்ன பண்றது சொல்லு" என்றார் அக்கா. ஆய்வு தொடங்கிய புதிதில் பட்டியலிலிருந்த ஒரு பெண் இரண்டு வாரம் எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் எடுத்தது அவளுடைய அம்மா. மகள் செத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு விதி வந்தது: தொடர்ந்து மூன்று வாரம் எடுக்காவிட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே ஆள் போக வேண்டும்.

செவ்வாய்ப் பட்டியலில் ஒரு பெயிண்டர் இருந்தார். இரண்டாவது மணிக்குள் எடுப்பார். "இருக்கேன்" என்பார். வைத்துவிடுவார். ஒன்பது வாரம் இதே பேச்சு. பத்தாவது வாரம் "இருக்கேன், மாத்திரை போட்டேன்" என்றார். அன்றைக்கு அக்கா தானே எழுந்துபோய் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். பதினாறாவது வாரம் பெயிண்டர் ஒரு பள்ளிக்கூடச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போயிருந்தார். இருபத்துமூன்றாவது வாரம் அவரே ஒரு கேள்வி கேட்டார்.

"அடுத்த வாரத்தோட முடியுதாமே அக்கா? அப்புறம் நான் இருக்கேன்னு யார்கிட்ட சொல்றது?"

அக்கா டாக்டரிடம் போய் நின்றார். "எனக்கும் மனசு கேக்கல. ஆனா ஒருத்தருக்கு நீட்டினா எல்லாருக்கும் நீட்டணுமே" என்று பதில் வந்தது. நியாயமான பதில்தான். எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த செவ்வாய் அக்காவின் தாளில் பெயிண்டரின் கட்டத்தில் 'எடுக்கவில்லை' என்று எழுதியிருந்தது. எடுக்காத அழைப்பை மறு வாரம் திரும்பப் போட வேண்டும். மறு வாரமும் 'எடுக்கவில்லை'. தாளில் இருப்பதை ஏற்றுவது என் வேலை. ஏற்றினேன். திரையில் அந்த வரி சிவப்பானது; வீட்டுக்கு ஆள் போக வேண்டும் என்று அர்த்தம். மூன்று வாரம் என்ற விதியை இரண்டாக்கிச் சுற்றறிக்கை போன மாதமே வந்திருந்தது. அக்கா அதைப் படிக்காமல் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் விரித்திருந்தார்.

புதன்கிழமை காலை பெயிண்டரின் அண்ணி அலுவலகத்துக்கு போன் செய்தார். எடுத்தது நான்.

"எதுக்குங்க வண்டி அனுப்பினீங்க? அன்னிக்கு அவரைத் தூக்கிட்டுப் போன அதே வெள்ளை வண்டி. பார்த்ததும் செருப்புகூடப் போடாம பின்பக்கமா ஓடிட்டாரு. அங்கிட்டு ரயில் பாதைங்க. சட்டைப் பையில போன் இருக்கு, எடுக்க மாட்டேங்கறாரு."

அக்காவிடம் சொன்னேன். 

"எடுத்தாரும்மா. ரெண்டு வாரமும் எடுத்தாரு. முடிஞ்சிடக் கூடாதேன்னு நான்தான் அப்படி எழுதினேன். மூணாவது தடவை எடுத்தார்னு போட்டுக்கலாம்னு இருந்தேன்."

பொய்யாக ஒரு கட்டம் நிரப்பினால் அன்றைக்கே வேலை போய்விடும். அதைக்கூட அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. போனை எடுத்து அழுத்தத் தொடங்கியிருந்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார். அதுவும் ஓய்ந்தது. விஷயம் கேள்விப்பட்டு டாக்டர் வந்து வாசலில் நின்றார். "ரெண்டு வாரமா எடுக்காதவர் இப்பவா எடுக்கப்போறார்? நான் போலீஸுக்குச் சொல்லிடறேன்" என்று தன் போனில் பேச ஆரம்பித்தார். ஏதாவது ரயில் இந்த நேரத்துக்கு உண்டா என்று நான் யோசித்தேன். யோசிக்கவே பயமாக இருந்தது.

மூன்றாவது முறை, ஒன்பதாவது மணியில், எடுத்தார். நான் அக்காவின் தோளோடு ஒட்டி நின்றதால் அந்தப் பக்கத்து மூச்சிரைப்பு எனக்கும் கேட்டது.

"நான் எடுத்தேனே அக்கா. ரெண்டு வாரமும் உங்ககிட்டப் பேசினேனே. நான் எடுக்கவே இல்லைன்னு வண்டில வந்தவங்க வாசல்ல சொன்னாங்களே." குரல் உடைந்தது. "எனக்கு மறுபடியும் இல்லாததெல்லாம் கேக்க ஆரம்பிச்சிடுச்சா?"

"இல்ல தம்பி. எடுத்தீங்க. பேசினீங்க. எடுக்கலைன்னு பொய் எழுதினது நான்தான்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, இது டாக்டர் காதில் விழுந்திருக்கக் கூடாதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. விழவில்லை. அவர் இன்னும் போலீஸோடு பேசிக்கொண்டிருந்தார்.

"என்னைச் சமாதானப்படுத்தத்தான் இப்படிச் சொல்றீங்க. வார்டுலயும் இப்படித்தான் சொல்வாங்க" என்றார் பெயிண்டர். எங்கோ தூரத்தில் ஒரு ஹாரன் சத்தம்.

அக்கா கையைத் தட்டி டாக்டரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரை அழுத்தினார். "தம்பி, இப்ப டாக்டரும் கேக்கறாங்க" என்று போனை டாக்டரின் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, சொன்னதையே முதலிலிருந்து, இன்னும் சத்தமாகச் சொன்னார்.